17.5 மீட்டர் சுருள்: ரவுல் கூத்தாரின் ஒளிப்பதிவு, ஒரு நிகழ்வு ஆய்வு

17.5 மீட்டர் நீளமுள்ள 35 எம்.எம். ஃபிலிமை சினிமா கேமராவில் ஓட்டினால் எவ்வளவு நேரம் வரும்? ஒரு பிரேமுக்கு 19 மில்லிமீட்டர், நொடிக்கு 24 பிரேம். கணக்குப் போட்டால் 38 நொடி. ஒருவர் சிகரெட்டைப் பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்து, பேச வாயெடுப்பதற்குள் சுருள் தீர்ந்துபோகும். 1959 ஆகஸ்டில் பாரிஸில் ஒரு முழுநீளப் படம் எடுக்கக் கிளம்பியவர்களின் கையில் இருந்தது இந்த நீளச் சுருள்தான். அது சினிமாவுக்காகச் செய்யப்பட்ட ஃபிலிமே இல்லை. ஸ்டில் கேமராக்காரர்கள் வாங்கி, துண்டு துண்டாக வெட்டித் தங்கள் கேமராவில் போட்டுக்கொள்ளும் இல்ஃபோர்ட் எச்.பி.எஸ்.

அந்தச் சுருள்களைத் தேர்ந்தெடுத்தவர் ஒளிப்பதிவாளர் ரவுல் கூத்தார். படம் 'ப்ரெத்லெஸ்', இயக்குநர் ழான்-லூக் கோதார். ஸ்டுடியோ மரபை உடைத்துத் தெருவுக்கு வந்த இளம் இயக்குநர்களின் பிரெஞ்சுப் புதிய அலையைப் பற்றிப் பேசும்போது கூத்தாரின் பெயரோடு 'இயற்கை ஒளி', 'கையில் பிடித்த கேமரா' என்ற இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டே வரும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இவற்றை மட்டும் சொல்லி நிறுத்தினால், ஏதோ லைட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த மனிதர் என்றாகிவிடும். அவர் செய்தது அதைவிடக் கடினமானது. லைட்டிங்குக்காக நடிகரும் இயக்குநரும் காத்துக்கிடந்த நேரத்தை, ஃபிலிமிலும் லேபிலும் கூரையிலும் வேலை பார்த்து மீட்டு, அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். அதை எப்படிச் செய்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வேதியியல் படிக்க நினைத்த பையன்

கூத்தார் 1924 செப்டம்பர் 16 அன்று பாரிஸில் பிறந்தார். வேதியியல் படிக்க ஆசை. படிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை, புகைப்படத் தொழிலுக்குப் போனார். 1945-இல் இந்தோசீனா. அங்கே ஏறக்குறைய 11 ஆண்டுகள். போர்ப் புகைப்படக்காரராகவும், பிறகு 'பாரி மாட்ச்' போன்ற பத்திரிகைகளுக்குப் படம் எடுப்பவராகவும் இருந்தார்.

சினிமாவுக்குள் வந்ததே ஒரு தவறான புரிதலால்தான். இந்தோசீனாவில் பழக்கமான பியேர் ஷோந்தோர்ஃபெர் ஆப்கானிஸ்தானில் ஒரு படம் எடுக்கக் கூப்பிட்டார். ஸ்டில் எடுக்கத்தான் அழைக்கிறார் என்று நினைத்துக் கூத்தார் சரி சொல்லிவிட்டார். அதுவரை சினிமா கேமராவைத் தொட்டதில்லை. அந்தப் படத்தையும், அடுத்து ஷோந்தோர்ஃபெரின் இன்னும் இரண்டு படங்களையும் முடித்த நிலையில், தயாரிப்பாளர் ஜார்ஜ் து பொரெகார் அவரைக் கோதாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இந்தப் பின்னணியில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். கூத்தார் எந்த ஸ்டுடியோவிலும் உதவியாளராக இருந்து படிப்படியாக மேலே வந்தவர் இல்லை. கீ லைட் (முதன்மை ஒளி), ஃபில் லைட் (நிழலை நிரப்பும் ஒளி), பேக் லைட் (பின்னொளி) என்று நடிகையின் கன்னத்துக்கு ஒளி கட்டும் கலையை அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. இரண்டாவது, பத்திரிகைப் புகைப்படக்காரருக்கு நிகழ்ச்சி காத்திருக்காது. இருக்கிற வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், ஃபிலிமின் எல்லை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும், அந்த எல்லையை லேபில் எவ்வளவு தள்ளலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கோதார் கேட்டதும் அதைத்தான். அழகுபடுத்தும் வேலை வேண்டாம், உண்மையான வெளிச்சத்தில் எடுப்போம். நீங்கள் புகைப்படக்காரர், உங்களுக்கு எந்த ஃபிலிம் பிடிக்கும்? கூத்தார் யோசிக்காமல் சொன்ன பதில், எச்.பி.எஸ்.

ஓட்டையும் தொட்டியும்

பதில் சொல்வது எளிது. நடைமுறையில் மூன்று சிக்கல்கள் வரிசையாக வந்து நின்றன.

முதலாவது நீளம். இல்ஃபோர்ட் இந்த ஃபிலிமை சினிமா ரோலாகச் செய்யவில்லை. 17.5 மீட்டர் சுருள்தான் கிடைக்கும். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, ஓடக்கூடிய நீளத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஃபிலிம் காலத்தில் கேமரா உதவியாளராக வேலை பார்த்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். வெளிச்சமே படக்கூடாத நெகட்டிவை இருட்டில், கைத்தடவலிலேயே ஒட்ட வேண்டும். தூசி, கைரேகை, ஒட்டு விலகுதல் என்று எது நடந்தாலும் ஷாட் போச்சு.

இரண்டாவது ஓட்டை. ஃபிலிமின் இரு விளிம்பிலும் உள்ள துளைகள் ஸ்டில் ஃபிலிமில் ஒரு வடிவம், சினிமா நெகட்டிவில் வேறு வடிவம். வித்தியாசம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஆனால் ஸ்டுடியோக்களில் ராஜாவாக இருந்த மிட்செல் கேமரா, ஒவ்வொரு பிரேமையும் ஊசி செருகி அசையாமல் பிடிக்கும் இயந்திரம். அதற்கு இந்தத் துளை சரிப்படாது. எக்ளேர் நிறுவனத்தின் காமேஃப்ளெக்ஸ் கேமராவில் இது ஓடியது. காமேஃப்ளெக்ஸ் தோளில் வைக்கக்கூடிய எடை, சுருள் வைக்கும் பெட்டியான மேகசினை நொடிகளில் மாற்றலாம். ஒரே ஒரு பெரிய குறை, அது போடும் சத்தம். நடிகர் பேசுவதை அதன் பக்கத்தில் நேரடியாகப் பதிவு செய்யவே முடியாது.

ஆக, கேமராவை முடிவு செய்ததில் ஃபிலிமின் ஓட்டைக்கும் பங்குண்டு. 'ப்ரெத்லெஸ்' கையில் பிடித்த கேமராவில் எடுக்கப்பட்டது என்பதை அழகியல் தேர்வாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

மூன்றாவது லேப். எச்.பி.எஸ். 400 ஏ.எஸ்.ஏ. வேகம் கொண்டது; ஏ.எஸ்.ஏ. என்பது ஃபிலிம் எவ்வளவு குறைந்த வெளிச்சத்தையும் பிடிக்கும் என்பதற்கான அளவு, எண் கூடினால் வெளிச்சம் குறைவாகப் போதும். அதை 800 ஆக்க வேண்டுமென்றால் ஃபெனிடோன் என்ற வேதிப்பொருள் கலந்த வேறு டெவலப்பரில் கழுவ வேண்டும். ஜி.டி.சி. லேபின் பெரிய தொட்டிகள் ஆயிரக்கணக்கான மீட்டர் ஃபிலிமை ஒரே சீராகக் கழுவ அமைக்கப்பட்டவை. ஒரு படத்துக்காக அந்தக் கரைசலை மாற்ற முடியாது. நல்லவேளையாக, சோதனைக்கென்று ஒதுக்கிய சிறிய தொட்டி ஒன்று அங்கே இருந்தது. அதில் கழுவினார்கள். செலவு தாங்காமல் வேதியியலை விட்டுப்போன பையன், 34 வயதில் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான்.

800 என்றால் என்ன என்பதை ஒரு ஒப்பீட்டில் சொல்லலாம். 1960-களின் தொடக்கத்தில் புழக்கத்தில் இருந்த ஈஸ்ட்மன் கலர் நெகட்டிவின் வேகம் 50. அதற்கு வேண்டிய வெளிச்சத்தில் 16-இல் ஒரு பங்கு போதும் கூத்தாரின் சுருளுக்கு. ஷாம்ஸ்-எலிஸே தெருவில் அந்தி சாய்ந்து விளக்கு எரியும் நேரத்தில், கடைகளின் வெளிச்சத்தை மட்டும் நம்பிப் படம் எடுக்க முடிந்தது இதனால்தான்.

12-ஆம் எண் அறை

இந்த ஏற்பாடு திரையில் என்ன செய்கிறது என்று பார்க்க, படத்தின் நடுவில் வரும் ஓட்டல் அறைக்குப் போக வேண்டும். சேன் நதிக்கரையில் இருந்த ஓட்டல் து சுவேத், அறை எண் 12. செட் இல்லை, உண்மையான அறை. ஜீன் சீபெர்கும் ழான்-போல் பெல்மோந்தோவும் கட்டிலிலும் ஜன்னலோரத்திலும் குளியலறை வாசலிலுமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். 90 நிமிடப் படத்தில் ஏறத்தாழ 25 நிமிடம் இதற்கே போகிறது.

காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். சீபெர்க் ஜன்னலை நோக்கித் திரும்பும்போது முகம் வெளுத்து, தலைமுடியின் ஓரம் ஏறக்குறைய கரைந்துபோகிறது. அறைக்குள் இரண்டடி நடந்து வந்தால் அதே முகம் சாம்பல் நிறமாகிறது. பெல்மோந்தோ கட்டிலில் படுத்தபடி புகைவிடும்போது அவர் முகத்தின் ஒரு பக்கம் இருட்டிலேயே கிடக்கிறது. யாரும் அதைத் தூக்கிவிட ஒரு விளக்கு வைக்கவில்லை. ரெனுவாரின் ஓவியப் பிரதியை அவள் சுவரில் வைத்துவிட்டுத் தன் முகத்தைப் பக்கத்தில் கொண்டுவருகிறாள்; இரண்டு முகத்திலும் விழுவது ஒரே வெளிச்சம். ஸ்டுடியோ முறையில் எடுத்திருந்தால் நடிகைக்கு ஒரு ஒளி, சுவருக்கு ஒரு ஒளி என்று பிரித்திருப்பார்கள். ஓவியம் செட் சாமானாகவும் அவள் நட்சத்திரமாகவும் தனித்தனியே தெரிந்திருப்பார்கள்.

இன்னொன்று. தரையில் மார்க் போட்டு 'இங்கே நில்லுங்கள்' என்று நடிகரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இந்த அறையில் இல்லை. எங்கே போனாலும் அங்கே ஏதோ ஒரு வெளிச்சம் உண்டு, ஃபிலிம் அதைப் பிடித்துக்கொள்ளும். காட்சியில் இருக்கும் அந்தச் சோம்பலான, நோக்கமில்லாத நடமாட்டம், ஒரு மதியத்தை வீணாக்குகிற இருவரின் உடல்மொழி, இந்தச் சுதந்திரம் இல்லாமல் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

வெளிக்காட்சிகளின் தந்திரங்கள் பலமுறை எழுதப்பட்டவை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிராலிக்குத் தண்டவாளம் போடாமல் கூத்தாரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளினார்கள். சீபெர்க் செய்தித்தாள் விற்றுக்கொண்டு நடக்கும் தெருக்காட்சியில் கேமரா ஒரு தபால் வண்டிக்குள் ஒளிந்திருந்தது. தெருவில் போகிறவர்களுக்குப் படப்பிடிப்பு என்றே தெரியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஓடும் ஷாட்டின் நடுவில் துண்டுகளை வெட்டியெடுத்து, காட்சி துள்ளுவது போலக் காட்டும் ஜம்ப் கட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. காரில் சீபெர்கின் பின்கழுத்தைக் காட்டும் தொடர்ச்சியில் ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னணித் தெரு மாறுகிறது, வெயிலும் நிழலும் மாறுகின்றன. ஷாட்டுக்கு ஷாட் ஒளி மாறாமல் காக்கும் லைட்டிங் கன்டின்யூட்டி என்பதையே கூத்தார் கைவிட்டிருந்ததால், வெட்டும் ஒளியும் சேர்ந்தே துள்ளுகின்றன. ஒளி மட்டும் ஸ்டுடியோ ஒழுங்கில் இருந்து படத்தொகுப்பு மட்டும் துள்ளியிருந்தால், அது பிழையாகத்தான் பட்டிருக்கும்.

கொடுத்த விலை

இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை. ஃபிலிமைத் தள்ளிக் கழுவியதில் கிரெயின் (படத்தில் தெரியும் மணல் போன்ற புள்ளிகள்) கூடியது, கருமை அடைத்துக்கொண்டது. கேமரா சத்தத்தால் படம் முழுக்கப் பின்னால் டப்பிங் செய்யப்பட்டது. ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோதார் நடிகர்களுக்கு வசனத்தை உரக்கச் சொல்ல முடிந்ததற்கும் அதுதான் காரணம். ஆனால் பெல்மோந்தோவின் குரல் அந்த அறையில் எப்படி ஒலித்தது என்பது பதிவாகவே இல்லை.

இந்தக் கணக்கு அடுத்த படங்களில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1962-இல் வந்த 'வீவ்ர் ச வீ' படத்துக்குக் கோதார் நேரடி ஒலி கேட்டார். உடனே கனமான மிட்செல் திரும்பி வந்தது. கேமரா மெல்ல நகர்கிறது, அல்லது நின்றுவிடுகிறது. முதல் காட்சியில் ஒரு தம்பதி காஃபே கவுண்டரில் உட்கார்ந்து பேசுவதை முதுகுப்பக்கமிருந்தே காட்டுகிறார். முகங்கள் எதிரே உள்ள கண்ணாடியில் மங்கலாகத் தெரிகின்றன. 'கையில் பிடித்த கேமராக்காரர்' என்று கூத்தாரை முத்திரை குத்துகிறவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். கேமரா எதுவானாலும் வெளிச்சத்தின் குணம் மாறவில்லை.

முன்னோடிகள் இல்லாமல் கூத்தார் வானத்திலிருந்து குதித்தார் என்றும் சொல்லக்கூடாது. ஒளிப்பதிவாளர் ஆன்றி தெக்கே, இயக்குநர் மெல்வில்லின் படங்களிலும் 1959-இல் த்ரூஃபோவின் 'நானூறு அடிகள்' படத்திலும் உண்மையான இடங்களில், குறைந்த வெளிச்சத்தில் எடுத்துக் காட்டியிருந்தார். நம் நாட்டில் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்காகப் போட்ட காசி வீட்டு செட்டின் மேலே துணி கட்டி அதில் ஒளியை அடித்துச் சிதறவைத்தது 'ப்ரெத்லெஸ்' படத்துக்கு முன்பே. தெக்கேயிடம் ஒரு நேர்த்தி உண்டு, மித்ராவிடம் மென்மை உண்டு. கூத்தாரிடம் இருந்தது பத்திரிகைக்காரரின் துணிச்சல்: முகம் வெந்து வெளுத்தாலும் சரி, இருட்டில் புதைந்தாலும் சரி, அந்த நொடி கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

இந்தத் துணிச்சல் எவ்வளவு அழகாகக்கூடும் என்பதற்கு 1961-இல் ழாக் தெமியின் 'லோலா'. நான்த் துறைமுக நகரம். ஜன்னல்களும் தெருமுனைகளும் வெள்ளையில் எரிகின்றன. பாடப்புத்தகக் கணக்கில் அது ஓவர் எக்ஸ்போஷர், அளவுக்கு மீறிய ஒளி. திரையில், நினைவிலிருந்து ஒரு ஊரைக் கூப்பிட்டு எடுத்தது மாதிரி இருக்கிறது.

கூரை

கறுப்பு வெள்ளையில் வேதியியல் காப்பாற்றியது. கலருக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. 50 ஏ.எஸ்.ஏ. நெகட்டிவை 800-க்குத் தள்ள எந்தச் சிறிய தொட்டியும் உதவாது. அப்படியானால் உள்ளறையில் லைட் வைத்தே தீர வேண்டும். வைத்தால், பழையபடி நடிகர் மார்க்கில் நிற்க வேண்டும். இந்த முடிச்சைக் கூத்தார் கூரையை வைத்து அவிழ்த்தார்.

1960-இல் ஜெனீவாவில் எடுத்த 'சின்னச் சிப்பாய்' படத்திலேயே இதன் தொடக்கம் உண்டு. அல்ஜீரியப் போரைத் தொட்டதால் 1963 வரை தடையில் கிடந்த படம் அது. ஜன்னலுக்கு மேலே, கேமராவின் கண்ணில் படாத உயரத்தில் சாதாரண ஃபோட்டோஃப்ளட் பல்புகளை வரிசையாகப் பொருத்தி, கூரையை நோக்கித் திருப்பிவிட்டார். வெள்ளைக் கூரையில் மோதி இறங்கும் ஒளி அறை முழுவதும் பரவும். ஜன்னலிலிருந்து வருவது போலவே தோன்றும். தரையில் ஒரு ஸ்டாண்டு கிடையாது, வயர் கிடையாது. கேமரா எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுழலலாம், நடிகர் எங்கு வேண்டுமானாலும் போகலாம். இன்றைக்கு ஒரு சிறிய அறையில் ஷூட் செய்யும் எந்த டீமும் முதலில் செய்வது தெர்மோகோலிலோ கூரையிலோ பவுன்ஸ் அடிப்பதுதான். அது அன்றைக்கு ஸ்டுடியோ ஒழுங்குக்கு எதிரான காரியம்.

கோதாரின் முதல் கலர் படமான 'பெண் பெண்ணே'யில் ஒரு விநோதம் நடந்தது. நினைத்த வீடு கிடைக்காததால் ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். அதற்குக் கூரையும் போடச் சொன்னார் கோதார். சுவரைக் கழற்றிக் கேமராவைப் பின்னுக்குக் கொண்டுபோகவும் சம்மதிக்கவில்லை. செட்டின் வசதி எதையும் பயன்படுத்தாத செட். கூத்தாருக்கோ அந்தக் கூரை தோதாகவே அமைந்தது.

இந்த முறையின் உச்சம் 1963-இல் 'லெ மெப்ரி'. நடுவில் ரோம் நகரத்து அடுக்ககம் ஒன்றில், கணவனும் மனைவியும் பிரிவதை ஏறத்தாழ அரை மணி நேரம் காட்டும் பகுதி. ஓட்டல் து சுவேத் அறையின் மறுபக்கம் என்று இதைச் சொல்வேன். அங்கே காதல் தொடங்குகிறதா என்ற கேள்வி, இங்கே எந்த நிமிடத்தில் செத்தது என்ற கேள்வி. சுவரெல்லாம் வெள்ளை, ஒளி சமமாக, கொஞ்சம் இரக்கமில்லாமல் விழுகிறது. அந்த வெள்ளையின் மேல் சிவப்புத் துவாலை, நீலம் என்று சுத்தமான வண்ணங்கள். ஓரிடத்தில் இருவரும் மேசை விளக்கின் இரு பக்கமும் உட்கார்ந்து பேசுகிறார்கள். அகன்ற திரையில் இருவரையும் சேர்த்துக் காட்ட இடம் தாராளமாக இருக்கிறது. ஆனாலும் கேமரா ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பக்கவாட்டில் போகிறது, வருகிறது. நடுவில் அந்த விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. இருவரும் ஒரே சட்டகத்தில் இனி இருக்கப்போவதில்லை என்பதை வசனம் சொல்வதற்கு முன் இந்த நகர்வு சொல்லிவிடுகிறது.

இதே படத்தின் முதல் ஷாட்டில் கூத்தாரையே பார்க்கலாம். தண்டவாளத்தின் மேல் பெரிய கேமராவோடு தூரத்திலிருந்து மெல்ல வருகிறார். பெயர்ப் பட்டியலைக் கோதாரின் குரல் வாசிக்கிறது. அருகில் வந்ததும் கேமராவைத் திருப்பி லென்ஸை நம் மேல் சாய்க்கிறார்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் 'ஆல்ஃபாவில்', 'பியெரோ ல ஃபூ', 'வீக்-எண்ட்'. எதிர்கால நகரத்தை செட் எதுவும் இல்லாமல் 1965-இன் பாரிஸ் இரவிலிருந்தே எடுத்தது முதலாவது. அதற்கும் கைகொடுத்தது எச்.பி.எஸ்.தான். 'வீக்-எண்ட்' படத்தின் போக்குவரத்து நெரிசல் ஷாட்டுக்குச் சாலையோரம் ஏறக்குறைய 300 மீட்டர் தண்டவாளம் போட்டார்கள். த்ரூஃபோவுக்கு 'ஜூல் எ ஜிம்' உட்பட நான்கு படங்கள். கோஸ்தா-கவ்ராஸின் 'இசட்' படத்தில் கிரேக்கத்தை அல்ஜியர்ஸ் நகரத்தில் எடுத்தார், கூடவே ஆங்கில மருத்துவராகச் சின்ன வேடத்திலும் வந்து போனார். 1970-இல் தானே இயக்கிய 'ஹோவா-பின்' வியட்நாம் போருக்கு நடுவே ஒரு சிறுவனைப் பின்தொடரும் படம். கான் விழாவில் முதல் படத்துக்கான பரிசு பெற்றது.

விளக்கு திரும்பி வந்தபோது

1967-க்குப் பிறகு கோதாரும் கூத்தாரும் 15 ஆண்டுகள் சேர்ந்து படம் செய்யவில்லை. இடையில், தன்னை முதலில் அழைத்த ஷோந்தோர்ஃபெரிடம் திரும்பி, 1977-இல் 'ல க்ராப்-தாம்பூர்' எடுத்தார். வட அட்லாண்டிக்கில் ஒரு உண்மையான போர்க்கப்பலில் படப்பிடிப்பு. சாம்பல் கடல், சாம்பல் வானம், கப்பல் மேல்தளக் கண்ணாடியில் வழியும் தண்ணீர். வண்ணப்படம்தான், ஆனால் வண்ணம் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். ஒளிப்பதிவுக்கான சீசர் விருது (பிரெஞ்சுத் திரையுலகின் முதன்மை விருது) அதற்குத்தான் கிடைத்தது. கோதாருக்காகச் செய்த எதற்கும் இல்லை.

1982-இல் 'பாசியோன்' என்ற படத்தோடு கோதார் மீண்டும் வந்தார். ரெம்பிராண்ட், கோயா, தெலக்ரவா ஓவியங்களை உயிருள்ள மனிதர்களை வைத்து ஸ்டுடியோவில் நிறுத்திப் படமெடுக்க முயலும் ஒரு இயக்குநரின் கதை. அந்த இயக்குநர் படம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான்: ஒளி சரியில்லை. 23 ஆண்டுகளுக்கு முன் விளக்கே வேண்டாம் என்று தெருவுக்கு வந்த அதே இருவர், இப்போது ஸ்டுடியோவுக்குள் ரெம்பிராண்டின் ஒளியைத் தேடுகிறார்கள். கூத்தார் அதைக் கட்டிக் காட்டினார். இருளிலிருந்து ஒரு பெண்குழந்தையின் பொன்னிற ஆடை மட்டும் மேலெழுவதைப் பார்க்கும்போது, கீ லைட் கற்றுக்கொள்ளாத மனிதர் செய்த வேலையா இது என்று வியப்பாக இருக்கிறது. அந்த ஆண்டு கான் விழாவின் தொழில்நுட்பப் பரிசு அவருக்கு வந்தது.

கடைசிப் படம் 2001-இல் ஃபிலிப் காரெலுக்காகச் செய்த 'சோவாழ் இனோசான்ஸ்'. கறுப்பு வெள்ளை. 2010-இல் 'ப்ரெத்லெஸ்' படத்தின் 50-ஆம் ஆண்டுக்காக அதைப் புதுப்பித்தபோது, ஒளியும் கருமையும் எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்து ஒப்புதல் கொடுத்தவர் கூத்தார்தான். அப்போது அவருக்கு 85 வயது. இன்று நாம் பார்க்கும் அந்தப் பிரதியில் கிரெயின் இன்னும் இருக்கிறது. 2016 நவம்பர் 8 அன்று பிரான்சின் தென்மேற்கில் காலமானார்.